கவிழ்த்து வைத்த பானை

1779-ஆம் ஆண்டு பெர்லின் இயற்கை ஆய்வாளர் சங்கத்தின் வெளியீட்டில், ஐரோப்பியர்கள் 'வெள்ளை எறும்பு' என்று அழைத்த கறையானைப் பற்றி ஒரு கட்டுரை வந்தது. எழுதியவர் யோஹான் கெர்ஹார்ட் கோனிக். தாவரங்களுக்கு இரட்டைப் பெயரிடும் முறையை நிலைநாட்டிய லின்னேயஸின் மாணவர் அவர். 1768-இல் டேனிஷ்காரர் வசமிருந்த தரங்கம்பாடிக்கு மருத்துவராக வந்து, பிறகு ஆற்காடு நவாபிடமும் கிழக்கிந்தியக் கம்பெனியிடமும் பணியாற்றி, 1785-இல் இந்திய மண்ணிலேயே இறந்தார். கறையானை அதன் நாட்டிலேயே பார்த்து எழுதிய தொடக்ககால அறிவியல் கட்டுரைகளில் அவருடையது முக்கியமானது. உள்ளூர் மக்கள் ஈசல் பிடிக்கும் முறை ஒன்றை அவர் அதில் விவரித்திருக்கிறார். ஈசல் கிளம்பும் காலத்துக்கு முன்பே புற்றில் இரண்டு துளை இடுவார்கள். காற்று வரும் பக்கத்துத் துளையில் நாற்றமெடுக்கும் பொருள்களைப் போட்டு நெருப்பு மூட்டுவார்கள். எதிர்ப்பக்கத்துத் துளையில், உள்ளே ஒரு மூலிகையைத் தேய்த்த பானையின் வாயைப் பொருத்துவார்கள். புகைக்கு அஞ்சி ஈசல் பானைக்குள் வந்து விழும். சில நேரம் நல்ல பாம்பும் வந்து விழும் என்பதால் பானையை எடுக்கும்போது எச்சரிக்கையாக இருப்பார்களாம். பிடித்த ஈசலை மாவோடு சேர்த்துப் பலகாரம் செய்து ஏழைகளுக்கு மலிவாக விற்றார்கள். பானையில் தேய்த்த மூலிகை 'பெர்கெரா' என்கிறார் கோனிக். அது நம் கறிவேப்பிலை.

ஈசல் உணவு இந்நாட்டில் கோனிக் காலத்தில் தோன்றியதன்று. பாரியின் பறம்பு நாட்டு வளத்தைச் சொல்லும் கபிலர் பாட்டொன்றில், புறநானூற்றின் 119-ஆம் பாடலில், செம்புற்றின் ஈயல் புளிப்புக் கூட்டிய உணவாக வருகிறது. ஈயல் என்பது ஈசல்தான். இதை இலக்கியப் பெருமைக்காகச் சொல்லவில்லை. கறையானை மண்ணிலிருந்து உயிரோடு வெளியே கொண்டுவரும் கலை, ஆய்வுக்கூடம் என்ற ஒன்று தோன்றுவதற்கு நெடுங்காலம் முன்பே இருந்தது என்பதற்கு இவை சான்று. கறையானைப் பற்றிய அறிவியலின் வரலாற்றை நுண்ணோக்கி, வேதியியல், மரபணு ஆய்வு என்று கருவிகளின் வரிசையாகச் சொல்வது வழக்கம். அந்த வரலாற்றின் அடிப்படை வேறிடத்தில் இருக்கிறது என்பது என் வாதம். கறையானை எப்படி எடுக்கத் தெரிந்ததோ, அந்த அளவுக்கே அதைப் பற்றி அறிய முடிந்தது. எடுக்கும் முறை மாறியபோதெல்லாம் அறிவும் மாறியது. எடுக்க முடியாத இனங்களைப் பற்றி இன்றும் மிகக் குறைவாகவே அறிந்திருக்கிறோம்.

ஒரு பூச்சியைப் பிடிப்பதில் இவ்வளவு என்ன இருக்கிறது என்று தோன்றலாம். வண்ணத்துப்பூச்சியை வலையில் பிடித்து ஊசியில் குத்தி வைத்தால் அதன் உருவத்தைப் பற்றிய அறிவில் பெரும்பகுதி கைக்கு வந்துவிடும். கறையானைச் சாராயத்தில் போட்டு வைத்தால் இனத்தின் பெயரைச் சொல்லலாம். அதற்கு மேல் போக முடியாது. கறையானிடம் அறிய வேண்டியது அதன் வாழ்க்கை: மரத்தை எப்படிச் செரிக்கிறது, ஒரே முட்டைக் குவியலிலிருந்து வேலைக்காரனும் காவலாளியும் அரசியும் எப்படிப் பிரிகின்றன, கண்ணில்லாத லட்சக்கணக்கான உயிர்கள் சேர்ந்து எப்படிக் கட்டுகின்றன. இதற்கு உயிருள்ள கறையான் வேண்டும், கூட்டமாகவும் வேண்டும். அதன் மேல்தோல் மெல்லியது. ஈரப்பதம் மிக்க இருட்டில் வாழப் பழகிய உடல் வெயிலில் விரைவில் வற்றிவிடும். இடுக்கியால் பிடித்தால் நசுங்கும். மெல்லிய தூரிகையால் தள்ளவோ, குழாய் வழியாக வாயால் மெதுவாக உறிஞ்சிச் சீசாவில் சேர்க்கவோ வேண்டும். தனியே எடுத்து வைத்தால் நெடுநாள் தாங்காது. மரம் தின்னும் பல இனங்களின் குடலில் மரத்தைச் செரிக்க உதவும் ஒற்றைச் செல் உயிரிகள் வாழ்கின்றன. தோலுரிக்கும் ஒவ்வொரு முறையும் கறையான் அவற்றை இழந்து, கூட்டத்தாரிடமிருந்து திரும்பப் பெறுகிறது. வெவ்வேறு புற்றின் கறையான்களை ஒரே பாத்திரத்தில் போட்டால் பெரும்பாலும் ஒன்றையொன்று கடித்துக் கொல்லும். நம் வயல்வரப்புகளில் புற்றெழுப்பும் இனங்களோ பூஞ்சை வளர்த்துப் பிழைப்பவை. அந்தப் பூஞ்சைத் தோட்டம் இல்லாமல் கறையானை மட்டும் அள்ளிவந்தால் நாளுக்கு நாள் குறைந்து அழியும். ஆகவே சரியாக எடுப்பதற்கே அந்த உயிரைப் பற்றிப் பாதி தெரிந்திருக்க வேண்டும்.

எடுக்கும் முறைகளில் மூத்தது வெட்டி எடுப்பது. ஹென்றி ஸ்மீத்மன் என்ற ஆங்கிலேயர் 1771-இல் மேற்கு ஆப்பிரிக்கக் கரைக்குப் போய், சியரா லியோனை ஒட்டிய பனானா தீவுகளில் தங்கி, நான்கு ஆண்டுகள் பூச்சிகளும் செடிகளும் சேகரித்தார். 1781-இல் லண்டன் ராயல் சொசைட்டியின் இதழில் வெளிவந்த அவருடைய கட்டுரை, அச்சங்கத்தின் தலைவர் ஜோசப் பேங்க்ஸுக்கு எழுதிய கடிதமாக அமைந்தது. ஆள் உயரத்தைத் தாண்டிய புற்றுகளின் உள் அமைப்பையும், அரசி வீற்றிருக்கும் அறையையும், ஊதிப்போன அரசி ஒரு நாளில் 80,000-க்கும் மேல் முட்டையிடும் என்ற கணக்கையும் ஐரோப்பா அதில்தான் படித்தது. கோனிக் சொன்ன பானை முறையையும் அவர் அதில் எடுத்துரைத்தார். இத்தனையும் தெரிந்தது புற்றைப் பிளந்ததால். பிளந்தவர்கள் உள்ளூர்க் கூலிக்காரர்கள். காவலாளிக் கறையான்கள் வெறுங்காலில் நின்ற அவர்களைக் கடித்து இரத்தம் வரவழைத்தன என்றும், துண்டு துண்டாகப் பிய்த்தாலும் பிடியை விடவில்லை என்றும் ஸ்மீத்மனே எழுதுகிறார். அந்தத் தீவுகள் அடிமை வணிகம் நடந்த இடம். அங்கே அவர் தங்கியதும் சேகரித்ததை அனுப்பியதும் அந்த வணிகர்களின் தயவிலும் கப்பலிலும்தான். கறையான் அறிவியலின் புகழ்பெற்ற முதல் அத்தியாயம் யாருடைய உடலுழைப்பில் எழுதப்பட்டது என்பதை இந்த இடத்தில் மறைக்கக் கூடாது.

வெட்டி எடுப்பதற்கு ஓர் எல்லை உண்டு. அது புற்றின் வடிவத்தைக் காட்டும். புற்றின் வாழ்வை அந்தக் கணத்தோடு நிறுத்திவிடும். சுவர் உடைந்தவுடன் வேலைக்காரர்கள் உள்ளே ஓடி ஒளிய, காவலாளிகள் வெளியே வந்து நிற்கும். பார்ப்பவர் காண்பது தாக்கப்பட்ட ஊரின் நிலவரம். அதனாலேயே 18-ஆம் நூற்றாண்டின் எழுத்துகளில் புற்று ஒரு கோட்டையாகவும் அரசாங்கமாகவும் வருணிக்கப்பட்டது என்று கருத இடமிருக்கிறது. அரசனும் படையும் குடிகளும் ஐரோப்பியர் மனத்தில் ஏற்கனவே இருந்தவை என்பது உண்மை. ஆனால் படை முன்னால் நிற்கும் காட்சியை மண்வெட்டிதான் திரும்பத் திரும்ப அவர்களுக்குக் காட்டியது.

அடுத்த முறை கட்டையோடு தூக்கி வருவது. சில இனங்கள் மண்ணில் புற்றுக் கட்டுவதில்லை. பட்டுப்போன ஒரே மரத்தில் பிறந்து, அதையே தின்று, அதிலேயே முடிந்துவிடும். கூட்டமும் சில நூறு முதல் சில ஆயிரம் வரைதான். அந்தக் கட்டையை அறுத்து எடுத்தால் அரசி முதல் குஞ்சு வரை முழுக் குடும்பமும் மேசைக்கு வந்துவிடும். 1890-களில் இத்தாலியின் கட்டானியாவில் பாட்டிஸ்டா கிராஸியும் சாண்டியாஸும் கண்ணாடிக் குழாய்களில் கறையான்களை வைத்து, அரசி இறந்தால் கூட்டம் மாற்று அரசியை உருவாக்கிக்கொள்வதைக் கவனித்தார்கள். அவர்களுக்கு உதவிய இனங்களுள் ஒன்று காலோடெர்மிஸ் ஃப்ளாவிகோலிஸ் என்ற இந்த வகை மரக்கறையான். அதே இனத்தை வைத்துச் சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் மார்ட்டின் லூஷர் செய்த சோதனைகள், அரசியின் உடலிலிருந்து வரும் ஏதோ ஒரு பொருள் மற்றவை அரசியாவதைத் தடுக்கிறது என்று காட்டின. 1959-இல் லூஷரும், உயிர்வேதியியலாளர் பீட்டர் கார்ல்சனும் சேர்ந்து, இவ்வகைப் பொருள்களுக்கெல்லாம் 'ஃபெரோமோன்' என்ற சொல்லை முன்மொழிந்தார்கள். இன்று பள்ளிப் பாடநூலில் இருக்கும் அந்தச் சொல்லின் பிறப்பில், கட்டையோடு தூக்கிவரக்கூடிய ஒரு கறையானுக்குப் பங்கு உண்டு.

செரிமானத்தின் கதையும் இப்படித்தான். பிலடெல்ஃபியாவில் ஜோசப் லைடி, கற்களுக்கு அடியில் ஊர்ந்த கறையான்கள் எதைத் தின்கின்றன என்று அறிய அவற்றின் குடலைத் திறந்து பார்த்தார். உள்ளே நெளிந்த ஒற்றைச் செல் உயிரிகளில் ஒன்றுக்கு 1877-இல் டிரைக்கோநிம்ஃபா என்று பெயரிட்டார். உயிருள்ள கறையானை உடனே திறந்ததால் அவற்றை அவர் உயிரோடு கண்டார். அவை ஒட்டுண்ணிகள் என்றே அப்போது எண்ணப்பட்டது. 1920-களில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் எல்.ஆர். கிளீவ்லாண்ட் வேறு முடிவுக்கு வந்தார். கறையான்களை 36 டிகிரி வெப்பத்தில் ஒரு நாள் வைத்தால் குடல் உயிரிகள் சாகும், கறையான் சாகாது. அப்படிக் குடல் காலியான கறையான்கள் மரத்தைத் தின்றுகொண்டே இரண்டு மூன்று வாரத்தில் பட்டினியால் இறந்தன. உயிரிகளைத் திரும்பக் கொடுத்தபோது பிழைத்தன. ஒட்டுண்ணி என்று எண்ணியது உயிர்த்துணை என்று ஆயிற்று. இந்தச் சோதனைக்குத் தேவைப்பட்ட கருவி ஒரு வெப்பப்பெட்டி. அதைவிட அரிதாக இருந்தது, மாதக்கணக்கில் ஆய்வுக்கூடத்தில் நலமாக வாழும் ஆயிரக்கணக்கான கறையான்கள். நலமாக வாழும் கூட்டம் ஒரு புறம் இல்லாவிட்டால், மறுபுறத்தில் இறந்தவை எதனால் இறந்தன என்று யாராலும் சொல்லியிருக்க முடியாது.

கட்டையோடு தூக்கும் வசதி ஒரு சாய்வையும் கொண்டுவந்தது. உலகில் ஏறத்தாழ 3,000 கறையான் இனங்கள் பெயரிடப்பட்டிருக்கின்றன. ஆய்வுக்கூடங்களில் தலைமுறை தலைமுறையாக வைத்துப் பார்க்கப்பட்டவை அவற்றில் சிறு கைப்பிடி. 2014-இல் முதன்முதலாக முழு மரபணுத் தொகுப்பு படித்து வெளியிடப்பட்ட கறையான் சூடெர்மாப்சிஸ் நெவாடென்சிஸ். வட அமெரிக்காவின் மேற்குப் பகுதியில் ஈரமான, மட்கும் கட்டைகளில் வாழ்வது. அதன் எளிய சமூக வாழ்வும் கறையான் பரிணாமத்தில் அதன் இடமும் அதைத் தேர்ந்ததற்குக் காரணங்கள் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒரு கட்டையைப் பிளந்தால் முழுக் கூட்டமும் கிடைக்கும் இனமாக அது இல்லாதிருந்தால், அதன் சமூக வாழ்வைப் பற்றி அதற்கு முன் அவ்வளவு ஆய்வு நடந்திருக்காது. இன்னொரு பக்கம் பாருங்கள். மண்ணையே தின்று வாழும் கறையான்கள் வெப்பமண்டலக் காடுகளில் மிகுதி. அவற்றை ஆய்வுக்கூடத்தில் உயிரோடு வைத்திருப்பது கடினம் என்பதால் அவை நெடுங்காலம் பின்னுக்குத் தள்ளப்பட்டன. 1990-களில் ஆண்ட்ரியாஸ் ப்ரூனும் உடன் பணியாற்றியவர்களும் இத்தகைய இனங்களின் குடலுக்குள் நுண்மின்முனையைச் செலுத்தி அளந்தபோது, காரத்தன்மை pH 12 என்ற அளவைத் தாண்டிய பகுதிகள் தெரிந்தன. உயிரினங்களின் உடலுக்குள் அளக்கப்பட்ட மிக உயர்ந்த காரத்தன்மைகளில் ஒன்று அது. நம் காலடி மண்ணை வளமாக்கும் ஓர் உயிரின் இந்தப் பண்பு அவ்வளவு தாமதமாகத் தெரிந்ததற்கு அதைப் பேணத் தெரியாததும் ஒரு காரணம்.

மூன்றாவது முறை வரவழைப்பது. மண்ணுக்கடியில் பரந்து வாழும் இனங்களுக்கு வெட்டுவதும் உதவாது, தூக்குவதும் உதவாது. கூடு எங்கே என்றே தெரியாது. இரை தேடும் சுரங்கங்கள் பல மீட்டர் தூரம் ஓடும். 1970-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் அரிசோனா பாலைவனத்தில் லா ஃபாஜ், நட்டிங், ஹேவர்ட்டி என்ற மூவர், கழிவறைக் காகிதச் சுருள்களைத் தரையில் வரிசையாக வைத்தார்கள். காகிதம் தூய செல்லுலோஸ். கறையான் தானே தேடி வந்தது. 1973-இல் ஹவாய்ப் பல்கலைக்கழகத்தின் மினோரு தமாஷிரோவும் உடன் பணியாற்றியவர்களும், ஃபார்மோசா கறையானை ஆயிரக்கணக்கில் உயிரோடு பிடிக்க எளிய பொறி ஒன்றை வெளியிட்டார்கள். அடிப்பாகம் நீக்கிய தகர டின். அதற்குள் கறையான் விரும்பும் டக்ளஸ் ஃபர் மரத்தில் செய்த பெட்டி. கறையான் நடமாட்டம் உள்ள இடத்தில் வைத்து மூடிவிட்டால், அது இருட்டும் ஈரமும் இரையும் ஒன்றாகக் கிடைத்த இடத்தில் வந்து குடியேறும். குறித்த நாளில் பெட்டியை எடுத்துத் தட்டினால் கறையான் தட்டில் விழும். புதுப்பெட்டியை வைத்தால் மீண்டும் வரும். கூட்டம் அழிவதில்லை. பெட்டியை எத்தனை முறை எடுத்தாலும் அந்த இடம் வற்றுவதில்லை.

நம் ஊரில் நாட்டுக்கோழி வளர்ப்பவர்களுக்கு இந்தப் பொறி புதிதாகத் தோன்றாது. பழைய மண்பானையில் கிழிந்த சாக்கு, காய்ந்த சாணம், கந்தல் துணி, இற்றுப்போன மட்டை இவற்றைத் திணித்துத் தண்ணீர் தெளித்து, கறையான் உள்ள இடத்தில் மாலையில் கவிழ்த்து வைப்பார்கள். காலையில் பானையைத் திறந்தால் உள்ளே கறையான் மொய்த்திருக்கும். அது கோழிக்குஞ்சுக்குத் தீனி. மேற்கு ஆப்பிரிக்காவின் டோகோ, பெனின், புர்கினா ஃபாசோ நாடுகளிலும் சிறு விவசாயிகள் வைக்கோலும் சாணமும் நிரப்பிய பானையையோ சுரைக்குடுவையையோ கவிழ்த்து வைத்து இப்படியே கோழிக்குக் கறையான் பிடிக்கிறார்கள். அடியில்லாத தகர டின்னும் வாய் கவிழ்த்த பானையும் ஒரே கருத்தின் இரண்டு உருவங்கள். கறையானைத் துரத்தாதே, அதற்கு வேண்டியதை வைத்து, இருட்டாக்கி, ஈரமாக்கி, காத்திரு.

இங்கே ஒரு மறுப்பு எழும். தமாஷிரோ கோழிப்பானையைப் பார்த்துத்தான் பொறி செய்தார் என்பதற்கு என்ன ஆதாரம்? நான் அப்படிச் சொல்லவில்லை. ஒருவரிடமிருந்து ஒருவர் கடன் வாங்கினார் என்று காட்டத் தேவையே இல்லை. ஒரே உயிரைக் கூர்ந்து கவனித்தவர்கள் வெவ்வேறு கண்டங்களில் ஒரே தீர்வுக்கு வந்திருக்கிறார்கள். அப்படியானால் அந்தத் தீர்வில் அடங்கியிருக்கும் கவனிப்பு அறிவுதான். ஓர் இதழில் 1973-இல் அச்சானபோது அதை முறை என்று மதிக்கிறோம். பானையில் இருக்கும்போது பழக்கம் என்று கடந்துபோகிறோம். இந்த வேறுபாடு அறிவின் தரத்தால் வந்ததில்லை. எழுதி வைக்கும் வசதி யாருக்கு இருந்தது என்பதால் வந்தது. கோழிக்குத் தீனி தேடியவர் கறையானின் வாழ்வைப் பற்றிக் கேள்வி எழுப்பவில்லையே என்று இன்னொருவர் கேட்கலாம். கேள்வி வேறு என்பது உண்மை. எத்தனை கறையான் வந்தது, எந்தக் கூட்டத்திலிருந்து வந்தது, அடுத்த மாதமும் அதே கூட்டமா என்றெல்லாம் எண்ணிக் குறித்தவர் ஆய்வாளர்தான். அந்தக் குறிப்புகளால்தான் முறை வளர்ந்தது. அந்தப் பெருமையை அவரிடமிருந்து எடுக்க வேண்டியதில்லை. ஆனால் கேள்வி கேட்பதற்குக் கறையான் கையில் இருக்க வேண்டும். கைக்குக் கொண்டுவரும் வழியை இருவரும் அறிந்திருந்தார்கள்.

வரவழைக்கும் முறையால் விளைந்தது பெரிது. ஃப்ளோரிடாவில் நான்-யாவ் சூ, பிடித்த கறையான்களுக்கு நீலச் சாயம் ஏற்றித் திரும்ப விட்டு, மீண்டும் பிடித்ததில் சாயமேறியவை எத்தனை என்று எண்ணினார். ஒரே கூட்டத்தில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட கறையான்கள் உண்டு என்றும், ஒரு வீட்டில் தெரிவது தெருவையே அடைத்த ஒரு கூட்டத்தின் விரல்நுனி என்றும் அந்தக் கணக்குகள் காட்டின. அத்தனை பெரிய கூட்டத்துக்குச் சுவரோரம் நஞ்சு ஊற்றுவது ஈடாகாது. கறையானே சுமந்துபோய்த் தன் கூட்டத்துக்கு ஊட்டும், மெல்லக் கொல்லும் இரை வேண்டும் என்ற முடிவு அதிலிருந்து வந்தது. தோலுரிப்பைத் தடுக்கும் ஹெக்சாஃப்ளுமுரான் கலந்த இரைப்பொறி 1995-இல் சந்தைக்கு வந்தது. ஆய்வுக்காகக் கறையான் பிடித்த பொறியே வீட்டைக் காக்கும் பொறியாக மாறிய கதை இது. நிலத்தில் டன் கணக்கில் நஞ்சு கலக்கும் வழிக்கு ஒரு மாற்றுக் கிடைத்தது. இந்தக் கணக்குகளிலும் பிழை உண்டு. புற்றுக்கட்டும் ஆஸ்திரேலிய இனங்களில் இதே சாய முறையைச் சோதித்து 1998-இல் வெளியான ஆய்வு, சாயமேறியவை கூட்டம் முழுவதும் சீராகக் கலப்பதில்லை, ஆகவே மதிப்பீடு தவறலாம் என்று காட்டியது. பொறிக்கு வருபவை இரை தேடும் வேலைக்காரர்களே. அரசியும் குஞ்சுகளும் பொறிக்கு வருவதில்லை. வெட்டுவது கட்டடத்தைக் காட்டியது, தூக்குவது குடும்பத்தைக் காட்டியது, வரவழைப்பது நடமாட்டத்தைக் காட்டியது. மூன்றில் எதுவும் முழுக் கறையானைக் காட்டவில்லை.

எடுத்து வந்த கறையானை முழுக் கறையான் என்று எண்ணினால் என்ன ஆகும் என்பதற்கு அழுத்தமான சான்று மீத்தேன் விவாதம். கறையான் செரிக்கும்போது மீத்தேன் வாயு வெளிவருகிறது. 1982-இல் 'சயன்ஸ்' இதழில் வந்த ஒரு கட்டுரை, ஆய்வுக்கூடத்தில் சில இனங்களை அளந்த அளவைக் கொண்டு, உலகக் கறையான்கள் ஆண்டுக்குச் சுமார் 15 கோடி டன் மீத்தேனை வெளியிடலாம் என்று கணித்தது. புவி வெப்பத்துக்குக் கறையானும் பெரிய காரணம் என்ற பேச்சு உலகெங்கும் பரவியது. இரண்டே ஆண்டுகளில், தென்னாப்பிரிக்காவில் புற்றுகளின் மேலேயே அளவெடுத்த ஜெர்மானிய ஆய்வாளர்கள் ஆண்டுக்கு 20 முதல் 50 லட்சம் டன் என்ற மதிப்பீட்டுக்கு வந்தார்கள். சில இனங்களின் அளவை எல்லா இனங்களுக்கும் பெருக்கியது, தின்னும் இரையைக் கணக்கிட்ட விதம் என்று வேறு காரணங்களும் இந்த இடைவெளிக்கு உண்டு. ஆனால் ஒன்று புற்றில் மட்டுமே தெரியக்கூடியது. மீத்தேனைத் தின்னும் பாக்டீரியாக்கள் புற்றுச்சுவரிலும் அதைச் சூழ்ந்த மண்ணிலும் இருக்கின்றன. வட ஆஸ்திரேலியப் புற்றுகளில் அளந்து 2018-இல் வெளியான ஆய்வு, கறையான் வெளியிடும் மீத்தேனில் ஏறத்தாழப் பாதியைப் புற்றே வடிகட்டிவிடுகிறது என்றது. சீசாவில் இருக்கும் கறையானுக்குச் சுவர் இல்லை. அதை அளந்தவர் சரியாகத்தான் அளந்தார். அளந்த பொருள்தான் பாதியாக இருந்தது.

கடைசி மறுப்பு இன்றைக்குரியது. இனி மரபணுவைப் படித்தால் போதும், காட்டில் மண் கிளறும் வேலை பழங்கதை என்பார்கள். 2007-இல் 'நேச்சர்' இதழில் வெளிவந்து புகழ்பெற்ற ஆய்வை எடுத்துக்கொள்வோம். மரத்தைச் சர்க்கரையாக உடைக்கும் நொதிகளை எரிபொருள் தயாரிப்புக்காகத் தேடி, கறையான் குடலில் வாழும் நுண்ணுயிர்களின் மரபணுக்களை மொத்தமாகப் படித்த ஆய்வு அது. கோஸ்டா ரிகாவின் காட்டில், மரத்தில் கட்டியிருந்த ஒரு கூட்டை எடுத்து, 165 வேலைக்காரக் கறையான்களின் பின்குடலை ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்த பிறகுதான் இயந்திரங்களுக்கு வேலை வந்தது. எந்தக் கூடு, எந்த மரம், எடுத்த பிறகு எவ்வளவு நேரத்தில் குடல் திறக்கப்பட்டது என்பவையெல்லாம் அந்த மரபணுப் பட்டியலின் பொருளைத் தீர்மானிக்கின்றன. காற்று படாத குடலில் வாழும் நுண்ணுயிர்கள் கறையான் வதங்கத் தொடங்கியதுமே மாறத் தொடங்கும். இயந்திரம் எவ்வளவு வேகமாகப் படிக்கிறதோ, அதற்குக் கொடுப்பது சரியான கறையானா என்ற கேள்வியும் அவ்வளவு கூர்மையாகிறது.

இந்த வரலாற்றிலிருந்து இரண்டு முடிவுகளுக்கு வருகிறேன். முதலாவது, கறையானைப் பற்றிய எந்த ஆய்விலும் அதை எடுத்த விதம் முடிவுகளுக்கு இணையாக எழுதப்பட வேண்டும். ஒரே வரியில் முடித்துவிடக் கூடாது. வெட்டியதா, தூக்கியதா, வரவழைத்ததா. எந்த மாதம், எந்த ஈரம். கூட்டத்தில் யார் வந்தார்கள், யார் வரவில்லை. இவை தெரியாமல் ஒரு முடிவை இன்னொரு முடிவோடு ஒப்பிட முடியாது. மீத்தேன் விவாதம் கற்பித்த பாடம் இது. இரண்டாவது, எடுக்கத் தெரிந்தவர்களை அறிவுடையவர்களாக மதிக்க வேண்டும். மழைக்கு முந்தைய புழுக்கத்தில் எந்தப் புற்று கிளம்பும் என்று ஈசல் பிடிப்பவருக்குத் தெரியும். எந்த மட்டைக்குக் கறையான் முதலில் வரும் என்று கோழி வளர்ப்பவருக்குத் தெரியும். எந்தப் புற்றருகே மழைக்குப் பின் புற்றுக்காளான் முளைக்கும் என்று காளான் பறிப்பவருக்குத் தெரியும். பூஞ்சை வளர்க்கும் நம் கறையான்களை ஆய்வுக்கூடத்தில் பேணுவது கடினமாக இருக்கும் நிலையில், இந்த நுண்ணறிவு ஆய்வுக்கு நேராகப் பயன்படும். 2002-ஆம் ஆண்டின் இந்தியப் பல்லுயிர்ச் சட்டம், உயிர்வளத்தோடு சேர்ந்த பாரம்பரிய அறிவையும் பாதுகாக்கப்பட வேண்டியதாகவும் பலன் பகிரப்பட வேண்டியதாகவும் கருதுகிறது. அதை நடைமுறைப்படுத்தும் தேசியப் பல்லுயிர் ஆணையம் சென்னையில்தான் இருக்கிறது. நம் பல்கலைக்கழகங்களின் பூச்சியியல் துறைகள் ஊர் ஊராகப் போய் ஈசல் பிடிக்கும் முறைகளையும் கறையான் பானை வகைகளையும் சொன்னவர் பெயரோடு பதிவு செய்ய வேண்டும். அதற்குப் பெருஞ்செலவு ஆகாது.

கோனிக்கின் பெயர் நம் சமையலறையில் நிலைத்துவிட்டது. கறிவேப்பிலையின் அறிவியல் பெயர் பெர்கெரா கோனிகி. அந்த இலையைப் பானையில் தேய்த்துப் புற்றின் வாயில் வைத்து, எந்தப் பக்கம் காற்று, எந்தப் பக்கம் பானை என்று காட்டிக் கொடுத்தவர்களின் பெயர் எந்த ஏட்டிலும் இல்லை.